வாடை போன பின்

மார்ச் 4

என் சிடுமூஞ்சி அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமில்லை என்று அண்ணி சொல்லிவிட்டார். காகித ஆலைக்கு நடந்து போகிற பத்து நிமிஷ வழியில் இரண்டு இடத்தில் நின்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்கிறாயாம். காலுக்குப் போகிற ரத்தக் குழாய் சுருங்கியிருக்கலாம், பரிசோதனைக்கு வா, சிகரெட்டை விடு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து, ஆடுகிற மேஜைக்கு முட்டுக் கொடுத்துவிட்டாயாம். நல்ல காரியம்.

ஐந்து மாதமாக என் போனையும் எடுப்பதில்லை. காரணம் எனக்குத் தெரியும். அழுகிய முட்டை வாடையடிக்கும் வாயுவை ஆராய்கிற பெண் என்று பத்திரிகையில் என் படத்தைப் போட்டார்களே, அன்றிலிருந்துதான். அதே ஆலையின் கூழ்த் தொட்டியில் அப்பாவைக் கொன்ற அதே வாயு. உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பயந்துகொண்டுதான் சொல்லவில்லை. கோபத்தை என் மேல் காட்டு அண்ணா, கால் மேல் காட்டாதே.

உன் வாயாடி

மார்ச் 15

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அண்ணிக்கு வேறு வேலையில்லை. நாற்பத்தைந்தைத் தொடப்போகிறவனுக்குக் கால் வலிக்காமல் வேறென்ன செய்யும்?

ஒன்று கேட்கிறேன். உலகத்தில் ஆராய்ச்சி செய்ய வேறு எதுவுமே கிடைக்கவில்லையா உனக்கு? அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டு வேறு இருக்கிறாய். அப்பாவை வெளியே தூக்கியபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நான் பார்த்தேன். அந்த வாயுவால் ரத்தக் குழாய்க்கு நன்மை உண்டு என்று நீ சொன்னதாகப் போட்டிருக்கிறார்கள். படித்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காலைப் பற்றி இனி எழுதாதே. எனக்கு வர வேண்டியதுதான் வந்திருக்கிறது.

அண்ணன்

மார்ச் 27

அன்புள்ள அண்ணா,

திட்டியாவது எழுதினாயே, அதுவே சந்தோஷம். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். அந்தப் படத்தில் நான் அசடு வழிவது எனக்கும் தெரிகிறது.

இதைப் பொறுமையாகப் படி. நம் ஒவ்வொருவரின் ரத்தக் குழாய்ச் சுவரும் மூன்று வாயுக்களைத் துளித்துளியாகத் தானே உண்டாக்குகிறது. ஒன்று நைட்ரிக் ஆக்சைடு. இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. அடைத்த அறையில் கரிப்புகை ஆளைக் கொல்கிறதே, அதுதான். மூன்றாவது அப்பாவைக் கொண்டுபோன ஹைட்ரஜன் சல்பைடு. அளவு மீறினால் எமன். உடம்பு உண்டாக்குகிற அளவில் அது குழாயை இளக்கி, ரத்தத்துக்கு வழிவிடச் சொல்கிறது.

எலியின் குழாயிலிருந்து கடுகளவு வளையம் வெட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே மாட்டி, வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிடுவோம். மருந்து விட்டால் வளையம் இறுகும். அந்த வாயு கரைந்த நீர் ஒரு சொட்டு விட்டால் மெல்ல இளகும். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதேன். அப்பாவைக் கொன்றது எது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். அது அவர் பிறந்ததிலிருந்து அவருக்குள்ளேயே இருந்து அவருக்காக உழைத்தது என்று யாருமே எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

சிகரெட் முதலில் கெடுப்பது அந்தச் சுவரைத்தான். நைட்ரிக் ஆக்சைடு குறைந்துபோகும், குழாய் இளகத் தெரியாமல் விறைத்து நிற்கும். நடந்தால் ரத்தம் சுவரை உரசிக்கொண்டு ஓடும். அந்த உரசலில் நைட்ரிக் ஆக்சைடு மறுபடி ஊறும். நட என்று டாக்டர் சொல்வது அதற்காகத்தான்.

என்னைப் பற்றிப் பயப்படாதே. எங்கள் அறையில் வாயு மீட்டர் இருக்கிறது. மூக்கை நம்பாதே என்று சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். கொஞ்சமாக இருக்கும்வரைதான் இந்த வாயு வாடையடிக்கும். அதிகமானால் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். வாடை போய்விட்டது என்று நினைக்கிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம்.

உன் வாயாடி

ஏப்ரல் 6

வாயாடி,

உன் கடைசி நான்கு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

அப்பா சுத்தம் செய்ய இறங்கிய அன்று தொட்டி வாயில் நின்றது நான் என்பது எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. அப்பாவுக்கு அன்று ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது. அதனால் என்னைக் கேட்டார். "வாடை இருக்காடா?" குனிந்து பார்த்தேன், குடலைப் பிடுங்கியது. சற்று நின்றோம். மறுபடி குனிந்தேன். "போயிடுச்சுப்பா, இறங்குங்க" என்றேன். இறங்கினார்.

அன்று சாயங்காலம் எனக்குக் கால்பந்து ஆட்டம் இருந்தது. எப்போது கிளம்பலாம் என்று பறந்துகொண்டிருந்தேன். அந்த அவசரத்தில், வாடை இருந்தும் இல்லையென்று சொல்லிவிட்டேன் என்றுதான் இருபத்திரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆட ஓடத் துடித்தது இந்தக் கால்தான். இதற்கு வைத்தியம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நீ எழுதியது நிஜமா? என்னைத் தேற்றுவதற்காக எழுதியதா? ஆறுதல் வேண்டாம். உண்மையை எழுது.

அண்ணன்

ஏப்ரல் 17

என் அண்ணா,

நிஜம். உன் விஷயம் தெரியாமல் எழுதினேன், ஆகவே தேற்ற எழுதியதல்ல.

கடிதத்தைப் படித்ததும் உன் மேல் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். நீ அவசரப்பட்டாய், அது உண்மைதான். ஆனால் உன் மூக்குக்கு வாடை தெரியவில்லை என்பதும் உண்மை. நிதானமாக ஒரு மணி நேரம் நின்று பார்த்திருந்தாலும் அது அதையேதான் சொல்லியிருக்கும். ஒரு மீட்டர்கூட வாங்காமல், உன்னையும் உன் மூக்கையும் காவல் வைத்தது அந்த ஆலை. என் கோபமெல்லாம் போய் இப்போது ஒன்றுதான் மிச்சம்: அம்மா போகும்வரை அவளிடம்கூடச் சொல்லாமல் தனியாகச் சுமந்தாயே, நாங்கள் எதற்கு இருந்தோம்?

அப்பாவைப் பறிகொடுத்தாயிற்று. எனக்கு நீ வேண்டும். போய்க் காலைக் காட்டு.

உன் தங்கை

மே 2

வாயாடிக்கு,

போனேன். கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தார்கள். அடைப்பு இருக்கிறது, கத்தி வைக்கிற அளவுக்கு இல்லையாம். வலிக்கும்வரை நட, நில், மறுபடி நட என்கிறார்கள். சிகரெட்டை விட்டுப் பதினொரு நாள். உன் அண்ணி என்னோடு ஒரே வீட்டில் இருப்பதற்கு அவளுக்குத் தனியாகப் பரிசு தர வேண்டும்.

முந்தாநாள் கூழ்த் தொட்டி சுத்தம் செய்கிற வேலை. இரண்டு பேர் இறங்கத் தயாராக நின்றார்கள். மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, வாடை போயிடுச்சு, இறங்கலாம் என்றார். நான் மூடியை இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி வேலையை விட்டுத் தூக்குவேன் என்றார். "மீட்டர் வந்தா எந்திரிக்கிறேன்" என்றேன். தீயணைப்பு நிலையத்திலிருந்து வாங்கி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை எழுந்திருக்கவில்லை.

மூடியைக் கொஞ்சம் நகர்த்தி, மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். ஒரு முழம்கூடப் போகவில்லை, கத்த ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் ஓடினார்கள். இறங்க நின்ற இரண்டு பேரில் ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் போகாமல் குனிந்து ஒரு தடவை மோந்து பார்த்தேன். திட்டாதே, உடனே வந்துவிட்டேன்.

மீட்டர் கத்திக்கொண்டே இருந்தது. எனக்கு ஒரு வாடையும் அடிக்கவில்லை.

உன் அண்ணன்