கம்பெனி வீட்டின் நீலக் கதவு

அன்பு மகள் ஜிஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் உன் தம்பி ஜின்சனும் இங்கே சுகம். அப்பாவின் இருமலையும் சுகத்தில் சேர்க்கலாமா என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஜெர்மனியில் நீயும் சுகமாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்பி எழுதுகிறேன், சாப்பிடவில்லை என்றால் இதை மூடி வைத்துவிட்டு முதலில் சாப்பிடு. அம்மாவுக்கு என்ன ஆயிற்று, போன் இருக்கும்போது காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் அழுவேன், நடுவில் ரேஞ்ச் போய்விடும், பாதி விஷயத்தோடு இரண்டு பேரும் இரண்டு நாட்டில் உட்கார்ந்திருப்போம். போதாததற்கு என் போன் எந்நேரமும் ஜின்சன் கையில்தான் இருக்கிறது. அதனால் எதிர்வீட்டு செல்வப்பிரியாவிடம் இதைக் கொடுத்து, படம் எடுத்து உனக்கு மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவள் படிக்காமல் அனுப்பமாட்டாள் என்று தெரியும். செல்வப்பிரியா, படித்தது போதும், உன் அம்மாவிடம் சொல்லாதே.

இங்கே இன்னும் காலையில் பனி கொட்டுகிறது. தேயிலைக் கொழுந்து குறைவு, மேல்மலையில் செடியெல்லாம் கருகிக் கிடக்கிறது, காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்களத்தில் வெறுங்கையோடு நின்று பேர் கொடுத்துவிட்டு வருவது போல்தான் இருக்கிறது வேலை. உனக்குப் பின்னிய சிவப்பு ஸ்வெட்டர் முடிந்துவிட்டது, கை கொஞ்சம் நீளம், மடித்துப் போட்டுக்கொள். விஷயத்துக்கு வருகிறேன். போன ஆகஸ்டிலிருந்து கிறிஸ்மஸ் வரைக்கும் நம் வீட்டில் தங்கிப் படித்தாளே அமெரிக்கப் பெண் ஹானா, அவளிடமிருந்து போன வாரம் செய்தி வந்தது. நீ அவளை வீடியோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறாய். நல்ல பிள்ளை. மலைத் தோட்டங்களைப் பற்றிப் படிக்கிற படிப்பு என்றாள், பாஸ்டர் ஐயாதான் நம் வீட்டில் கொண்டுவந்து விட்டார். ஹானா என்றால் தமிழில் அன்னாள்தான் என்று அவர் சொன்ன நாளிலிருந்து நான் பெரிய அன்னாள், அவள் சின்ன அன்னாள், லயத்தில் வரிசையாக எல்லா வீட்டிலும் அப்படியே கூப்பிட்டார்கள். உன் கட்டிலில்தான் படுத்தாள். முதல் வாரம் அட்டைக்குப் பயந்து உப்புப் பொட்டலத்தோடு கக்கூஸுக்குப் போவாள், கடைசி மாதம் அட்டையைச் சுண்டிவிட்டுக்கொண்டே கப்பைக்கிழங்கு தின்றாள். போகிற அன்றைக்கு ஜீப்பில் ஏறமாட்டேன் என்று அழுததைப் பார்த்து அப்பாவே உள்ளே போய் அடுப்பை ஊதுவது போல் நடித்தார்.

அவள் ஊருக்குத் திரும்பியதும் காலேஜில் எல்லார் முன்னாலும் தன் அனுபவத்தைப் பேசவேண்டுமாம். பேசியதைப் பதிவு செய்து நமக்கும் அனுப்பியிருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜின்சன் அதை வைத்து, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னான். வெளிநாட்டுக்குப் போனது கஷ்டமாக இல்லையாம், திரும்பி வந்ததுதான் கஷ்டமாம். அவள் அம்மா அவளுடைய அறையைத் துடைத்து, போர்வை மாற்றி, சின்ன வயசுப் பொம்மைகூட இடம் மாறாமல் வைத்திருந்தாராம், எல்லாம் இருந்தது இருந்தபடியே இருக்கிறது, நான்தான் அதற்குள் பொருந்தவில்லை என்கிறாள். கதவை மூடிப் படுத்தால் தூக்கம் வரவில்லையாம், இங்கே பக்கத்தில் யாராவது இருமிக்கொண்டே இருந்தார்களே அது வேண்டியிருக்கிறதாம். அப்பாவின் இருமலுக்கு அமெரிக்காவில் ஒரு மரியாதை என்று நாங்கள் சிரித்தோம். அதற்குப் பிறகு சொன்னாள், எனக்கு இப்போது இரண்டு வீடு, ஒன்று அமெரிக்காவில், இன்னொன்று தேயிலைக்கு நடுவில் நீலக் கதவு வைத்தது, அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமான சின்ன வீடு, நான் எந்த வயதில் போனாலும் அது எனக்காக அங்கே இருக்கும் என்று. ஜின்சன் அதைச் சொல்லிவிட்டு நிறுத்தினான். அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவம், தோட்டத்தைப் படிக்க வந்த பிள்ளை, அத்தனை மாதம் இருந்தும் லயம் கம்பெனியுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாமும் சொல்லவில்லை. தினமும் பெருக்கித் துடைத்து, கதவுக்கு நாமே பெயிண்ட் வாங்கி அடித்து, வாசலில் பீன்ஸ் போட்டு வாழ்ந்தால் யாருக்குத்தான் சொந்த வீடு என்று தோன்றாது. உனக்கு நான் விளக்கவேண்டியது இல்லை, வீட்டிலிருந்து ஒருவர் பேர் பதிந்து வேலை செய்கிறவரைக்கும்தான் வீடு, வேலை முடிந்தால் சாவி கம்பெனிக்கு. அப்பாவின் சர்வீஸ் முடிந்தபோது நான் வேலையில் இருந்தேன், அதனால் தப்பித்தோம். எனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்று நீ கணக்குப் போட்டிருப்பாய், எனக்குத் தெரியும். இல்லை மகளே. என் அப்பா என்னை வேலைக்குச் சேர்த்தபோது எனக்குப் பதினாறு வயது, பதினெட்டு என்று சொல்லித்தான் பேர் பதிந்தார், அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். அந்த இரண்டு வயதைக் கம்பெனி இன்னும் மறக்கவில்லை. மார்ச்சோடு எனக்கு வேலை முடிகிறது. ஃபீல்டு ஆபீசர் மலையாளி, நல்ல மனுஷன், தயங்கித் தயங்கித்தான் சொன்னார், சேச்சி, ஸ்கூல் லீவு வரைக்கும் இருந்துக்கோங்க, அதுக்கு மேல என் கையில இல்ல என்று.

நானும் சும்மா இருக்கவில்லை. உன்னிடம் சொல்லாமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி, பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடியில் இறங்கி, ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டு வந்தேன். முன்பு நம் லயத்தில் கடைசி வீட்டில் இருந்த மொக்கையன் அண்ணன் இப்போது அங்கேதான் இருக்கிறார், பக்கத்து வீடுதான். இரண்டு அறை, தண்ணீர் வருகிறது, கோயிலும் சர்ச்சும் மார்க்கெட்டும் கூப்பிடு தூரம். அண்ணன் சொன்னார், தங்கச்சி, மொத ரெண்டு மாசம் வெக்கையில உறக்கம் வராது, அப்புறம் பழகிரும், ராத்திரி தகரத்துல மழைச் சத்தம் கேக்காததுதான் எனக்கு இன்னும் பழகலத்தா என்று. நான் வரும் வழியெல்லாம் மெட்டு ஏறுகிறவரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன், அழவில்லை, வாந்தி வருகிறது என்று பக்கத்து அம்மாவிடம் சொன்னேன்.

எனக்கும் போக மனமில்லை ஜிஷா, பொய் சொல்லமாட்டேன். கல்யாணமாகி வந்த அன்றைக்கு இந்த நீலக் கதவில்தான் தலையை இடித்துக்கொண்டேன். உன்னைப் பெற்றதும் ஜின்சனைப் பெற்றதும் இங்கேயிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான். ஆனால் என் பயம் வீட்டைப் பற்றி இல்லை. அந்தப் பேச்சைக் கேட்ட மறுநாள் காலையில் ஜின்சன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆபீசுக்குப் போய், என் இடத்தில் தன் பேரைப் பதிய முடியுமா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறான். முடியுமாம். சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்களாம், ஆம்பிளைப் பிள்ளைகள் யாரும் நிற்பதில்லையாம். திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடு என்று சொல்லியிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் அவனை வேலைக்கு எடுத்திருக்கிறார்களே, டிப்ளமோ முடித்து எத்தனை இடத்தில் ஏறி இறங்கிக் கிடைத்தது, அதற்கு வரவில்லை என்று சொல்லப்போகிறானாம். ஏன்டா இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால் என் மேல் பாய்கிறான். அக்கா ஆகஸ்ட்ல மொத்தமா வாரேன்னு சொல்லிருக்கு, வந்தா அக்கா எங்க இருக்கும், போடியில வாடகை வீட்டுலயா, அந்த வெள்ளைக்காரப் புள்ளைக்கே இது வீடுன்னா அக்காவுக்கு இல்லாமப் போயிருமா என்கிறான்.

நீ போன மாதம் பேசும்போது என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா. அங்கே ஆஸ்பத்திரியில் கிழவர்களைத் தூக்கித் தூக்கி முதுகு விட்டுப்போகிறது, பாஷை வாயில் நிற்கவில்லை, படிப்பு முடிந்ததும் வந்துவிடுகிறேன், நம் வீட்டு முன்னறையில் மூன்று நாள் தூங்கினால் எனக்கு எல்லாம் சரியாகிவிடும் என்றாய். நீ ஆசையில் சொன்னாய். அவன் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டான். அப்பாவும் அவன் பக்கம்தான். பிள்ள வாரேன்னு சொல்லிருச்சுல்ல, வீட்டப் போட்டுட்டு எங்க போறது என்று சொல்லிவிட்டு, நேற்று கதவுக்குப் பெயிண்ட் வாங்கி வந்திருக்கிறார், அதே நீலம். எனக்கு வந்த கோபத்தில் டப்பாவை விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பேர் பதிந்தால் ஜின்சனை எதற்குப் போடுவார்கள், மருந்து அடிக்கத்தான் போடுவார்கள். அப்பா முதுகில் டாங்கி கட்டி மருந்து அடித்துத்தான் இந்த இருமலை வாங்கிவந்தார், இது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், ஆனால் தன் இருமலைத் தானே கேட்கமாட்டேன் என்கிறார். நான் இத்தனை வருஷம் கூடை சுமந்தது என் பிள்ளைகள் யாரும் அந்தப் பெரட்டுக்களத்தில் போய் நிற்கக்கூடாது என்றுதான். கடைசியில் ஒரு வீட்டுக்காக, அதுவும் நம்முடையது இல்லாத வீட்டுக்காக, என் மகன் போய் நிற்கப்போகிறான் என்றால் எனக்கு நெஞ்சு பற்றி எரிகிறது.

நான் சொல்லிப் பார்த்தேன், திட்டினேன், ஒரு நேரம் சாப்பிடாமலும் இருந்தேன், அவன் தனக்குப் பிடித்த முட்டையைப் பொரித்து என் தட்டில் வைத்துவிட்டுப் போகிறான். என் பேச்சு எடுபடாது. உன் பேச்சு மட்டும்தான் எடுபடும். அதனால் நீ ஒன்று செய்யவேண்டும். நாளை ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து அவன் டவுனில்தான் இருப்பான், அங்கே ரேஞ்ச் நன்றாக இருக்கும், அப்போது அவனைக் கூப்பிடு. எனக்கு அந்த வீடு வேண்டாம் என்று சொல். நான் இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன், வந்தாலும் லீவுக்குத்தான் வருவேன், அந்த ஒழுகுகிற லயத்தில் எனக்கு என்ன இருக்கிறது, நீ கோயம்புத்தூருக்குப் போ என்று சொல். கெஞ்சாதே, கெஞ்சினால் கண்டுபிடித்துவிடுவான். உன் ஜாமெட்ரி பாக்ஸை அவன் எடுத்தபோதெல்லாம் கத்துவாயே, அந்தக் குரலில் சொல். அவன் மனம் நோகும், அக்கா மாறிவிட்டது என்று நினைப்பான். அப்பா காதுக்கும் போகும், அவர் நாலைந்து நாள் யாரிடமும் பேசமாட்டார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னைப் பொய் சொல்லச் சொல்கிறேன் என்று தெரியும், சின்ன வயதில் ஒரு பொய்க்கு உன் வாயில் மிளகாய் வைத்தவள்தான் சொல்கிறேன்.

நீ நிஜமாகவே வருவதாக இருந்தால் வா. போடியில் ஒரு அறை உனக்குத்தான், உன் கட்டிலை லாரியில் முதலில் ஏற்றுவேன். நமக்குச் சொந்த வீடு என்று எதுவும் இல்லை என்பதைச் சின்ன அன்னாளுக்கும் நீயே இங்கிலீஷில் பக்குவமாக எழுதிவிடு, அவள் வந்தால் தரையில் பாய் போட்டுப் படுப்பாள், அவளுக்கு இருமல் சத்தம்தானே வேண்டும். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, ராத்திரி டியூட்டிக்கு முன்னால் வெறும் காப்பியோடு போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, நீ தொடுகிற நோயாளிகள் எல்லாரும் உன் கையால் சுகப்படட்டும், யாரும் இல்லாத ஊரில் உனக்கு ஒரு நல்ல துணை கிடைக்கட்டும்.

மறந்துவிடாதே, நாளைக்கு, ஆராதனைக்குப் பிறகு. அவனிடம் பேசி முடித்து போனை வைத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அழு. ஆனால் அந்த வீடு வேண்டாம் என்பதை அவனிடம் மட்டும் சொல், என்னிடம் சொல்லிவிடாதே மகளே, நான் நம்பிவிடுவேன்.

இப்படிக்கு
உன் அம்மா
அன்னாள் சிலுவைராஜ்