அருவியை இன்ஸ்பெக்ஷன் செய்த பாவை

3-7-61, திங்கள்

இந்தச் சீசனில் இது ஏழாவது கேம்ப். மதுரையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு ஆய்வுக்கு வந்திருக்கிறார். குற்றாலத்தில் பங்களா, நல்லெண்ணெய், சீயக்காய், மங்குஸ்தான் கூடை, எண்ணெய் தேய்த்துவிட ஆள், எல்லாம் எங்கள் தாலுகா ஆபீஸ் பொறுப்பு. பட்டியல் எழுதுவது என் பொறுப்பு. வடகரையில் எங்கள் தெருவிலேயே முதல் பி.ஏ. நான். இன்று எழுதியது: துண்டு பன்னிரண்டு, தலையணை ஒன்பது.

சாரல் விடவில்லை. சேலை காயவில்லை. சோர்வாக இருக்கிறது.

5-7-61

குற்றாலத்தில் கொட்டகை போட்டிருக்கும் தோல்பாவைக் கூத்தில் அதிகாரிகளைக் கேலி செய்கிறார்களாம். பங்களாவில் தங்கியிருக்கும் அதிகாரியின் மனைவி பார்த்துவிட்டு வந்து கோபப்பட்டாராம். ஹெட் கிளார்க் பிச்சுமணி ஸார் என்னைக் கூப்பிட்டு, "நீ போய்க் கேட்டுட்டு வா. பொம்பளப் பிள்ளைன்னா சந்தேகப்பட மாட்டாங்க" என்றார். பியூன் மைதீன் அண்ணனோடு ஆறரை மணி ஆட்டத்துக்குப் போனேன்.

வேட்டித் திரை. பின்னால் விளக்கு. முதலில் ராஜா கதை. பிள்ளைகள் பார்த்தபடியே தூங்கிவிட்டன. பிறகுதான் தொப்பையும் தொப்பியுமாக ஓர் அதிகாரிப் பாவை வந்தது. கூடவே குச்சிக்காலோடு ஒரு சேவகன்.

"ஏலே, இந்த அருவி எத்தன மணிக்கு டூட்டிக்கு வருது?"

"அது வீட்டுக்கே போறதில்ல எசமான்."

"போன மாசம் லீவு லெட்டர் இல்லாம நின்னுட்டாமே?"

"மேல மலையில கையெழுத்து ஆகல எசமான்."

கொட்டகையே அதிர்ந்தது. சிரித்தவர்கள் கடைக்காரர்கள், வண்டிக்காரர்கள், வயல்காரர்கள். பகலில் எங்கள் ஆபீஸ் வாசலில் மனுவோடு கைகட்டி நிற்கிற முகங்கள். அந்த முகங்களுக்குப் பல் உண்டு என்பதையே இன்றுதான் பார்த்தேன்.

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

6-7-61

தாசில்தார் உத்தரவு: நாடகக்காரர்களைப் போல இவர்களும் வசனத்தை எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கொட்டகையைப் பிரிக்க வேண்டும். பாவைக்காரர் மாணிக்க ராவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"பி.ஏ. படிச்சிருக்கேல்லா, நீயே எழுது. கீழ உன் கையெழுத்து. ஒரு வார்த்தை கூடினாலும் நீதான் பதில் சொல்லணும். ப்ரொபேஷன் முடிய மூணு வாரந்தான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ" என்றார் பிச்சுமணி ஸார்.

அப்பாவிடம் என்ன சொல்ல? வேலை நிரந்தரமானதும் வயல் ஒத்தியை மீட்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

8-7-61

காலையிலிருந்து மாணிக்க ராவ் கொட்டகையில். சும்மா உட்கார்ந்து அவரால் ஒரு வரி சொல்ல முடியவில்லை. "பாவை கையில இருந்தாத்தான் வாய் வருது தாயி" என்றார். பெட்டியைத் திறந்து அதிகாரியை எடுத்தார். உடனே குரல் வந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்து அடித்து எழுதினேன். லீவு லெட்டர் போயிற்று. கையெழுத்து போயிற்று. 'மக்களின் சேவகனாகிய எனக்குத் தேவைகள் மிகக் குறைவு.' 'தங்களைப் போன்ற நேர்மையாளரை நாடு கண்டதில்லை.' இப்படியே எட்டுப் பக்கம்.

மனப்பாடம் ஆகட்டும் என்று வாசித்துக் காட்டினேன். சுருதிப்பெட்டி போடும் அவர் மனைவி கடைசி வரை கேட்டார்.

"எல்லாஞ் சரிதாம்மா. இதுல சிரிப்பு எங்கன இருக்கு?"

9-7-61

எங்கனயும் இல்லை.

11-7-61

அனுமதி முத்திரை விழுந்தது. இன்று முதல் ஆட்டம். பாவைகள் என் வாக்கியங்களைப் பேசின. பத்து நிமிடத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். "என்னவே, பள்ளிக்கூடமா நடத்துதீரு?" என்று ஒருவர் திரையைப் பார்த்தே கேட்டார். தட்டு ஏந்தி வந்த ராவின் மனைவி என்னைத் தாண்டிப் போனார். பார்க்கவில்லை. இந்த இரண்டு மாதச் சீசனை வைத்துத்தான் அவர்கள் மழைக்காலத்தை ஓட்ட வேண்டும்.

நான் ஒன்றும் கெடுதல் நினைக்கவில்லையே? பிரிக்காமல் காப்பாற்றத்தானே — எதைக் காப்பாற்றினேன்?

14-7-61, வெள்ளி

பிச்சுமணி ஸார் நேரில் சரிபார்க்க வந்தார். டார்ச் விளக்கும் பிரதியும் கையில். அவர் பக்கத்தில் நான்.

'எனக்குத் தேவைகள் மிகக் குறைவு' என்றது அதிகாரிப் பாவை. ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் அதன் பின்னால் ஒரு குடை வந்தது. கட்டில் வந்தது. போர்க்களக் காட்சிக்கு வைத்திருந்த யானை, குதிரை, தேர் எல்லாம் அதிகாரியின் சாமானாக வரிசையாக வந்துகொண்டே இருந்தன. 'தங்களைப் போன்ற நேர்மையாளரை' என்று சேவகன் குனிந்தான். குனிந்து, குனிந்து, அதிகாரியின் கால் பெருவிரலுக்கு எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தான். அதிகாரியின் கை மட்டும் தனியாக நீண்டு பழக்கூடைக்குள் போனது.

கூட்டம் சாய்ந்து சாய்ந்து சிரித்தது. நான் எழுதிய அதே வரிகளுக்கு! பிச்சுமணி ஸாரின் விரல் பிரதியில் வரி வரியாக ஊர்ந்தது. எங்கும் நிற்க இடம் கிடைக்கவில்லை.

15-7-61

அறிக்கை எழுதினேன்: 'அனுமதிக்கப்பட்ட வசனத்தில் ஒரு வார்த்தையும் கூடவில்லை, குறையவில்லை.'

"இது போதுமாம்மா? அவன் ஆட்டின ஆட்டத்தப் பத்தி எழுத வேண்டாமா?" என்றார் பிச்சுமணி ஸார்.

"வசனத்தத்தான் எழுதித் தரச் சொன்னாங்க ஸார். அசைவுக்கு அனுமதி கேக்கணும்னு உத்தரவுல இல்ல."

நானா பேசினேன்? அவர் அறிக்கையை இன்னொரு தடவை வாசித்தார். "பேசத் தெரியாத பிள்ளைன்னுல்லா நெனச்சேன்" என்றார். தாளை அப்படியே மேலே அனுப்பினார்.

31-7-61

ப்ரொபேஷன் ஆறு மாதம் நீட்டிப்பு. காரணம் எழுதவில்லை. பிச்சுமணி ஸார், "நான் நல்லபடியாத்தாம்மா எழுதினேன். மேல என்ன நடந்துச்சோ" என்றார். அப்பாவுக்குக் கடிதம் போட்டேன். ஒத்தியை மீட்க இன்னும் ஆறு மாதம் ஆகும்.

தபால் பெட்டியில் போட்டுவிட்டுக் குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன். ஆபீஸ் வேலையாக அல்ல. கொட்டகையில் உட்கார இடம் இல்லை. பாவூர்சத்திரத்திலிருந்து வண்டி கட்டி வந்திருந்த பெண்கள் நகர்ந்து கொஞ்சம் இடம் கொடுத்தார்கள்.

பாதி ஆட்டத்தில் பக்கத்திலிருந்த அம்மாள் என் தொடையில் ஓர் அடி வைத்தாள்.

"ஏட்டி, மெல்லச் சிரி. அவன் பேசுதது காதுல விழல."