ரிசார்ட் வாசலில்

ஜெயத்துக்கு,

நேற்று ஒரு கணவன் மனைவியை மகாபலிபுரத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியாகக் காரில் கூட்டி வந்தேன். வழியில் சாப்பிட நிறுத்திய இரண்டு பெரிய ஓட்டல்களும் அவனுக்குப் பிடிக்கவில்லை. அதற்கும் அவளைத்தான் திட்டினான்.

புதுச்சேரியில் ரிசார்ட் வாசலில் இறங்கியதும், "கடல் தெரியற ரூம் போடச் சொன்னேன்ல?" என்று அவள் முடியைப் பிடித்துக் கார்க் கதவில் மோதினான். உதடு கிழிந்து அவள் கீழே விழுந்தாள்.

நான் அவனை அடித்தேன். கீழே விழுந்து பல் உடைந்த பிறகும் அடித்தேன். செக்யூரிட்டி மூன்று பேர் இழுத்தும் நான் விடவில்லை.

"விட்டுடுங்கண்ணா, செத்துடுவாரு!" என்று அந்தப் பெண் கத்தினாள். அவளைத் தூக்கிவிடக் கை நீட்டினேன். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டு சுருண்டாள்.

இதே ஊரில், நம் உப்பளம் வீட்டில் நீயும் அப்படித்தான் சுருள்வாய்.

உன்னைத் திரும்பி வரச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வராதே. உன் அண்ணன் வீட்டிலேயே இரு.

நம் மகளின் அப்பா