உன் ஸ்கோப்பில் பிழை இல்லை

மொன்ட்ரியால்,
ஓகஸ்ட் 10, ஞாயிறு.

அன்பு மகன் பிருந்தனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனது முழங்காலும் அப்பாவின் சீனி வருத்தமும் இந்த மாதம் சொன்ன சொல் கேட்டு நடக்கின்றன, அதனால் நாங்கள் இருவரும் நல்ல சுகம், நீயும் மருமகள் றெபேக்காவும் அந்த வடக்குக் கோடி வைட்ஹோர்ஸில் இதைவிட நல்ல சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுத்தான் இன்று விளக்கைக் கொளுத்தினேன். இங்கே வெயில் கொதிக்கிறது, நோத்ர-டாம்-த-கிரேஸில் மூன்றாம் மாடியில் இருப்பது அடுப்புக்கு மேல் இருப்பது மாதிரித்தான். அப்பா பல்கனியில் கத்தரியும் பச்சை மிளகாயும் வைத்துவிட்டு நாள் முழுக்க அணிலோடு வழக்காடுகிறார், அணில்தான் வெல்கிறது. ஏன் போனில் சொல்லாமல் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் "பரவாயில்லை அம்மா, பேந்து கதைக்கிறன்" என்று வைத்துவிடுவாய், இது பரவாயில்லை என்று விடுகிற விஷயம் இல்லை ராசா. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக இருந்து வாசி.

ஆனி மாதம் அந்த ஸ்கோப்பை, அதைத் துவக்கில் பிடிக்கிற வளையங்களோடு கழற்றி எனக்குத் திருப்பி அனுப்பினாய், "இது கசே அம்மா, எறியுங்கோ, உங்கட வேலைக் கழிவில அந்தப் பெரிய ஸ்கோப்பை எடுத்து அனுப்புங்கோ" என்றாய். உடைந்துபோன சாமானுக்கு இங்கத்தைய ஆட்கள் சொல்கிற அந்தக் கசேயை நான் ஒரு நாளைக்கு நாற்பது பெட்டியில் வாசிக்கிறேன். புவாண்ட்-கிளேர் களஞ்சியத்தில், திரும்பி வருகிற சாமான்களின் மேசையில், பதினாலு வருடமாக நிற்கிறவளிடம் வந்து கசே என்கிறாய்! துவக்கை நான் தொட்டதில்லை, தொடப்போவதும் இல்லை, அது உனக்குத் தெரியும். ஆனால் துவக்குக்கு மேலே பூட்டிக் குறிபார்க்கிற ஸ்கோப்பின் நோய்கள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. விற்கிறவனுக்குத் தெரிவது அதன் புகழ், எனக்குத் தெரிவது அது ஏன் திரும்பி வந்தது என்பது.

நீ கேட்கிற அந்தப் பெரியது, எங்களுக்குத் தருகிற விலைக்கழிவு போகவும் மூவாயிரம் டொலர், இருபத்தைந்து மடங்கு பெருப்பித்துக் காட்டுமாம். காட்டும்தான். ஆனால் அது திரும்பி வருகிற பெட்டிகளில் ஆட்கள் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா, பாரம் கூடிப்போச்சு, ஆட்டம் கூடிப்போச்சு, மிருகம் எங்கே நிற்கிறது என்று தேடிப்பிடிப்பதற்குள் அது போய்விட்டது என்று. பெருப்பிக்கப் பெருப்பிக்கப் பார்க்கிற இடம் சுருங்கும், உன் நெஞ்சு அடிப்பதுகூடக் கண்ணாடிக்குள் ஆட்டமாகத் தெரியும், பின்னேரம் பொழுது சாய்ந்தால் படமும் இருண்டுவிடும். மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு காட்டுகிற, முன் கண்ணாடி அகலமான, உள்ளே பனிப்புகார் படியாதபடி இறுக்கி அடைத்த, பழுதானால் கேள்வி கேட்காமல் மாற்றித் தருகிற கம்பனியின் ஸ்கோப் ஒன்று நானூறுக்குள் போதும். எங்கள் சூப்பர்வைசர் மிஷேல் முப்பது வருடமாகக் காட்டுக்குப் போகிறவர், அவருடையதும் இதுதான். நான் போன வருடம் உனக்கு அனுப்பியதும் இதுதான். அப்படியானால் அது எப்படிப் பழுதானது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இடையில் றெபேக்கா எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அவளோடு கோபிக்காதே, நான்தான் விடாமல் கேட்டேன். போன புரட்டாசியில் நீ உன் மாமனாரோடு வேட்டைக்குப் போய் நானூறு மீட்டரில் நின்ற ஒரு கரிபு மானுக்கு வெடி வைத்ததும், அது வயிற்றில் பட்டு ஓடியதும், நீங்கள் இரண்டு பேரும் இருட்டும் வரை இரத்தத் துளியைப் பார்த்துப் பார்த்து நடந்தும் அது கிடைக்காமல் போனதும், அன்றிலிருந்து நீ மாமாவின் முகத்தைப் பார்த்துச் சரியாகக் கதைக்காததும், இந்த வருடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதும். பிறகு எதற்குப் புது ஸ்கோப் என்று கேட்டேன், தனியாகப் போகப் போகிறாயாம். கோழி வெட்டும்போது வீட்டுக்குள் ஓடிப்போய்க் காதைப் பொத்துகிற பிள்ளை நீ. ஒரு வாயில்லாச் சீவன் உன் கையால் வதைபட்டுப் போனதை இவ்வளவு நாளும் தனியே சுமந்திருக்கிறாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் உன் ஸ்கோப்பை வேலைக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு நேரத்தில், மிஷேலிடம் கேட்டு, எங்கள் சோதனைத் தாங்கியில் வைத்தேன். எதிரே சுவரில் கட்டம் போட்ட தாள் இருக்கும். குமிழைத் திருப்பி குறுக்குக்கோட்டை இருபது சொடுக்கு மேலே, இருபது வலம், இருபது கீழே, இருபது இடம் என்று நகர்த்துவோம், நல்ல ஸ்கோப் என்றால் அது புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பி வந்து நிற்கும். வந்து நின்றது. ஐந்து தரம் செய்தேன், ஐந்து தரமும் நின்றது. குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தேன், புகாரும் இல்லை. பேந்து இறப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன், அப்போதுதான் கண்டேன், வளையத்துக்குள் ஸ்கோப் வழுக்குகிறது. ஓகோ, இது உன் அப்பாவின் கைவண்ணம் என்று நினைத்தேன். ஏனென்றால் பெட்டிக்குள் ஆடக்கூடாது என்று வளையங்களைப் பூட்டி அனுப்பியது அவர்தானே. வீட்டுக்கு வந்து மூன்று நாள் அவரைப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். ஒரு திருகாணியை ஒழுங்காக முறுக்கத் தெரியாத மனுசன், பிள்ளையின் வாழ்க்கையோடு விளையாடின மனுசன் என்று. அந்த மனுசன் மிளகாய்க்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் வளையத்தைக் கழற்றினேன். திருகாணி நல்ல இறுக்கம், நான்தான் கஷ்டப்பட்டேன். உள்ளே மஞ்சளாய் மா மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது, நடுவில் ஒரு சிவப்புக் கறை. ஏதாவது பசையோ என்று மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். சந்தனம், பிருந்தன். நான் வைத்த பொட்டு.

போன வருடம் அது வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமை சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டபோது, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்றாகச் சந்தனம் தடவி, மேலே குங்குமமும் வைத்தேன். அப்பா வாங்கிய கார், நீ வாங்கிய கொம்பியூட்டர், அந்த இடியப்ப மெஷின், எதற்கு நான் வைக்கவில்லை? ஆனால் இதற்கு வைக்கும்போது இரண்டு தரம் கும்பிட்டேன். துவக்கில் பூட்டப்போகிற சாமான், என் பிள்ளையின் கண்ணோடு ஒட்டி இருக்கப்போகிறது, அங்கே நான் இல்லை, என்னிடம் இருந்தது அந்தச் சந்தனம்தான். கண்ணாடியில் படக்கூடாது என்று கவனமாகக் குழாயில் பார்த்து வைத்தேன், சரியாக வளையம் பிடிக்கிற இடத்தில். அப்பா பொட்டை அழிப்பது கூடாது என்று அதற்கு மேலேயே வளையத்தைப் பூட்டிவிட்டார். ஈரம் இருந்த மட்டும் அது பசை மாதிரிப் பிடித்திருக்கிறது, அதுதான் முதலில் இலக்குப் பலகையில் உனக்குப் பத்து வெடியும் சரியாக விழுந்தது. பிறகு அங்கத்தைய குளிரில் காய்ந்து மாவாகிவிட்டது, வெடி வைக்க வைக்க ஸ்கோப் நகர்ந்திருக்கிறது. வளையத்துக்குள் எண்ணெய்ப்பிடிப்போ தூசியோ இருக்கக்கூடாது, துடைத்துவிட்டுப் பூட்ட வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சீட்டு எழுதிப் போட்டவள் நான்! அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "ஓ?" என்றார், அவ்வளவுதான். ஆனால் இப்போது நான் விளக்கு வைக்கிற நேரம் பார்த்து, "சந்தனத்தை அளவாப் போடும் நிரஞ்சலா" என்று சொல்லிக்கொண்டு போகிறார். போகட்டும், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

ஆகவே அந்தப் பழியில் என் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். நீ கை நடுங்கியவன் இல்லை, குறி தெரியாதவன் இல்லை. என்னை மன்னித்துக்கொள் ராசா. ஆனால் முழுவதையும் என் தலையில் கட்ட உன்னை விடவும் மாட்டேன். ஸ்கோப் நகர்ந்தது மிகக் கொஞ்சம், மிஷேலிடம் காட்டிக் கணக்குக் கேட்டேன், நூறு மீட்டரில் இரண்டு விரல் அகலம் தவறும் என்றார். நூறில் இரண்டு விரல் என்றால் நானூறில் எட்டு விரல். கிட்டப் போயிருந்தால் என் பொட்டோடும் அது நெஞ்சில் பட்டு அந்த இடத்திலேயே விழுந்திருக்கும், வதைபட்டிருக்காது. சந்தனம் வைத்தது நான், அவ்வளவு தூரத்தில் நின்று வெடி வைத்தது நீ. மூவாயிரம் டொலர்க் கண்ணாடி அதை மாற்றாது, அது உன்னை இன்னும் தூரத்தில்தான் நிறுத்தும். இனி இருநூறுக்கு உள்ளே போக முடியாவிட்டால் விட்டுவிடு, அது தன்பாட்டில் போகட்டும்.

இந்தப் பார்சலில் உன் பழைய ஸ்கோப்தான் வருகிறது. குழாயையும் வளையத்தையும் ஸ்பிரிற்றால் துடைத்து, குறித்த அளவுக்கு மேல் முறுக்காத எங்கள் வேலைத் திருப்புளியால் நானே பூட்டியிருக்கிறேன், அப்பாவைக் கிட்ட விடவில்லை. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி விடு, பின்னால் உதைத்தால் புருவம் வெடிக்கும். இலக்குப் பலகையில் இருபது வெடியாவது வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காட்டுக்குப் போக வேண்டும், முதல் பத்தை நம்பாதே. றெபேக்காவுக்குப் பருத்தித்துறை வடையும் கறித்தூளும் வைத்திருக்கிறேன், வடையை நீ ஒளித்துவைத்துத் தின்னாதே.

இன்னொன்று. றெபேக்கா சொன்னாள், மாமா இந்த முறையும் வேட்டைக்குப் போகிற படகில் இரண்டு பேருக்குத்தான் சாமான் கட்டுகிறாராம். ஏன் அப்பா என்று அவள் கேட்டதற்கு, "அவர் வந்தா வரட்டும், வராட்டி பாரம் எனக்குத்தானே" என்றாராம். மட்டக்களப்பு மனுசன், கூப்பிடத் தெரியாது, கட்டிவைக்கத் தெரியும். பிறகு தானும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு மானை அப்படிக் காயப்படுத்தித் தவறவிட்டதாகவும், அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை என்றும் அவளிடம் சொல்லியிருக்கிறார். அதனால் நீ முதலில் போய் இந்தச் சந்தனக் கதையை அவரிடம் சொல்லு. என் பெயரைச் சொல்லியே சொல்லு, எனக்கு வெட்கம் இல்லை, வயிறு குலுங்கச் சிரிக்கட்டும். சிரித்து முடிந்ததும், எத்தனை மணிக்குப் புறப்படுகிறோம் என்று கேள்.

பிள்ளையார் உங்கள் இரண்டு பேருக்கும் துணை நிற்கட்டும், றெபேக்காவின் மாதாவும் நிற்கட்டும், அந்தக் காட்டில் ஆள் கூட இருப்பது நல்லது. மருந்துப் பெட்டியையும் தடித்த காலுறையையும் மறவாதே. ஸ்கோப்பில் இந்த முறை பொட்டு இல்லை, தேடாதே. அது கீழே என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள், துவக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாதே.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அம்மா
கணேசலிங்கம் நிரஞ்சலா
(அப்பாவும் பக்கத்தில் நிற்கிறார், மிளகாய் காய்த்திருக்கிறது என்று எழுதச் சொல்கிறார்.)