உன்னிடம் கேட்காமல் ஆண்டவரிடம் சொன்னது

தம்பி செமிசி,

அபியா நகருக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் எனக்குக் காலை ஷிஃப்ட். நீ போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடிக்கிறாய். நடி.

சேப்பங்கிழங்கு அவித்து மூடி வைத்திருக்கிறேன். மீன் டின்னை நீயே திறந்துகொள். போதகரின் மனைவி வெள்ளை மேசைவிரிப்பை வாங்க வருவார். இஸ்திரி போட்டு அம்மாவின் பெட்டிமேல் வைத்திருக்கிறேன். சட்டை போட்டுக்கொண்டு போய்க் கொடு.

நேற்றுக் குடும்ப ஜெபத்தில், "ஆண்டவரே, கொயர் பயிற்சிக்கு வராம ரக்பி பந்து பின்னாடி ஓடுற ஒருத்தனோட மனச மாத்தும்" என்றேன். இந்த வீட்டில் ரக்பி ஆடுகிறவன் நீ ஒருவன்தான். அப்பாவே செருமினார். ஜெபத்தின் நடுவே யாரும் எதிர்த்துப் பேச முடியாது என்று தெரிந்துதான் அங்கே வைத்துச் சொன்னேன். நீ ஆமென் வரைக்கும் பாயில் அசையாமல் உட்கார்ந்திருந்தாய். அப்புறம் சாப்பிடாமல் படுத்துவிட்டாய்.

இன்று கிழங்குக்குத் தோல் சீவும்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வாரமாக உன்னைப் பற்றி ஆண்டவரிடம் புகார் சொல்கிறேன். உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஏன்டா வரல?

சாயங்காலம் சொல்லு. சொல்ல இஷ்டமில்லை என்றாலும் சாப்பிடு.

லோசா அக்கா

பி.கு.: இன்று சாயங்காலம் ஊரில் ஜெப நேரத்துச் சங்கு ஊதியதும் ஜெபம் பண்ணுவது உன் முறை. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். கண்ணைத் திறக்க மாட்டேன். சத்தமாக ஆமென் சொல்வேன்.

இன்னொன்று: கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லு. அம்மாவுக்குப் பசிக்கும்.