இரவல் நாற்காலிகள்

மார்ச் 3
ரேஷன் வரிசையில் நிற்கும்போது ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தானியம் அனுப்பும் நாடுகள் கையைச் சுருக்கிவிட்டனவாம். இனி வீடு வீடாக வசதியைப் பார்த்து இந்த அகதி முகாமை நான்கு குழுவாகப் பிரிப்பார்களாம். ஒன்றுமே இல்லாத முதல் குழுவுக்கு முழுப் பங்கு, வசதியான நான்காவதுக்கு ஒன்றுமில்லை. முகாமைத் தாண்டி வேலைக்குப் போகவும் அனுமதி கிடையாது. பிறகு எதைத் தின்பது?

பக்கத்துக் கூடாரத்து ஃபில்சன் மட்டும் சிரிக்கிறாள். "தரம் பிரிக்க நாம என்ன தக்காளியாடி?"

மார்ச் 12
கணக்கெடுக்கும் பெண் வந்தாள். என் கணவர் வர்சமே காலையிலேயே ஃபில்சனிடம் இரண்டு நாற்காலி, பிளாஸ்க், ஒரு பிடி சர்க்கரை இரவல் வாங்கி வந்துவிட்டார்.

"வேண்டாங்க, அவ கணக்கெடுக்க வர்றா."

"யாரா இருந்தா என்ன? வாசலுக்கு வந்தவளை மண்ணுல உக்கார வெக்கறதா? நாம சோமாலிங்கதானே?"

ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொடுத்தோம்.

"நேத்து எத்தனை வேளை சமைச்சீங்க?"

"அல்லாஹ் புண்ணியத்துல குறை ஒண்ணுமில்லம்மா" என்றார் அவர். ஒரு வேளைதான் சமைத்தேன். அவர் முன்னால் எப்படிச் சொல்வது? அவள் நாற்காலிகளைப் பார்த்தாள், பிளாஸ்க்கைப் பார்த்தாள், டேப்லெட்டில் ஏதோ தட்டினாள்.

மார்ச் 15
என்ன எழுதினாளோ.

மார்ச் 29
போனில் செய்தி. நான்காம் குழு. என் மக உபாவுக்கு நாலு வயசுதானே ஆகுது, அவளுக்கு என்னத்தக் குடுப்பேன்?

ஃபில்சனுக்கு முதல் குழு. கணக்கெடுத்த அன்று அவள் கூடாரத்தில் உட்கார ஒன்றும் இல்லை. எல்லாம் எங்களிடம் இருந்தது.

ஏப்ரல் 4
ஃபில்சன் தன் மாவில் பாதியை எங்கள் டப்பாவில் கொட்டினாள். அவளுக்கே நான்கு பிள்ளைகள்.

"தெரிஞ்சா உன் ரேஷன் அட்டையையும் வெட்டிருவாங்கடி."

"வாயை மூடிட்டு டப்பாவைப் புடி."

மே 20
குழுவை மாற்றச் சொல்லி மனு கொடுத்து ஏழு வாரம். அதே பெண் மறுபடி வந்தாள். நல்லவேளை, வர்சமே தொழுகைக்குப் போயிருந்தார். வெயில் கொளுத்தியது. அவளுக்கு உதடு வெடித்திருந்தது. குடத்தில் தண்ணீர் இருந்தது. கொடுக்கவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை.

"நேத்து சமைக்கல" என்றேன். உண்மைதான். நின்றபடியே எழுதிக்கொண்டு போனாள்.

ஜூன் 2
முதல் குழு. மாவு வந்துவிட்டது. ஃபில்சனுக்குத் தர வேண்டியதைக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

வர்சமே மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்குத் தண்ணியாவது குடுத்தியா?"

நான் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். குடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.