சஹானாவில் ஒரு இருமல்

மார்ச் 4, செவ்வாய்

இனி வரும் நாட்களில் இங்கே எழுத வேண்டியவை, வரிசையாக:

1. ஞாயிற்றுக்கிழமைக் கேட்போர் கூட்டத்தில் என் முறை. அதிலிருந்து கழன்றுகொள்ள வழி தேடுதல்.
2. வழி கிடைக்காவிட்டால், எந்தச் சங்கீத உருப்படியைப் போடுவது என்ற முடிவு.
3. விளக்கவுரை தயாரித்தல். விளக்கம் இல்லாமல் யாருக்கும் எதுவும் புரியாது.
4. இவளுக்கு, அதாவது என் மனைவிக்கு, சங்கீதம் பிடிக்காது. ஆகவே இவளைத் தொந்தரவு செய்யக் கூடாது.
5. எல்லாம் முடிந்தபின் நிம்மதி.

ஐந்தாவது சந்தேகம்தான். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

இது எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்துப் பொதுக்கூடத்தில் ஞாயிறு மாலைதோறும் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். ஒருவர் தமக்கு மிகவும் பிடித்த இசைப் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டுவார், மற்றவர்கள் கேட்பார்கள். கூட்டத்தை நடத்துபவர் இரண்டாம் மாடிப் பல் டாக்டரம்மா. இதுவரை நான் கடைசி வரிசைத் தூண் மறைவில் உட்கார்ந்து தப்பித்து வந்தேன். நேற்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்க அவரிடமே போனேன். இரண்டு விரலும் ஒரு கண்ணாடியும் என் வாய்க்குள் இருந்த நேரம் பார்த்து, "சார், பதினாறாம் தேதி நீங்க பண்ணலாம் இல்லையா?" என்றார். நான் சொல்ல நினைத்தது வேறு. வெளியே வந்தது "ஆ". அவர் தேதியைக் குறித்துக்கொண்டார்.

மார்ச் 5, புதன்

பல் இருந்த இடம் வலிக்கிறது. பஞ்சு கடித்திருப்பதால் பேச வேண்டியதில்லை. வீட்டில் யாரும் வித்தியாசமாக உணர்ந்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

கழன்றுகொள்ள மூன்று காரணங்கள் யோசித்தேன். உடல்நலம் என்றால், டாக்டரம்மாவே டாக்டர். வெளியூர் என்றால், நான் எங்கும் போவதில்லை என்பது காவலாளிக்குக்கூடத் தெரியும். தகுதி இல்லை என்றால் "அடக்கம் பாருங்க" என்பார்கள். படியில் பார்த்து மெல்ல ஆரம்பித்தேன். "டாக்டர், அந்தப் பதினாறாம் தேதி... ஒருவேளை..."

"வானிலை சார், ஒருவேளையெல்லாம் ஆபீசோட விட்டுட்டு வரணும்" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

நியாயம்தான். வானிலை அலுவலகத்தில் முப்பது வருடம் "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று எழுதிய கை இது. கூடும் என்று முடியாத வாக்கியத்தில் நான் கையெழுத்திட்டதே இல்லை. கல்யாணப் பதிவேட்டைத் தவிர.

முதல் அம்சம் முடிந்தது. தோல்வி.

மார்ச் 8, சனி

எந்த உருப்படி?

இதை நான் நாள் முழுக்க யோசித்ததாக நடித்தேன். எனக்கே நடித்துக் காட்டினேன். தோடி ஒன்று, காம்போதி ஒன்று, வீணையில் ஒரு ஆனந்தபைரவி என்று மேஜை மேல் கேசட்டுகளை அடுக்கி, மாற்றி அடுக்கி... ஆனால் அந்த சஹானா ராகப் பதிவுதான் என்பது "ஆ" என்ற போதே தெரியும்.

ஒரு சின்ன அரங்கத்தில் யாரோ பதிவு செய்தது. ஒரு மனிதக் குரல், கூட ஒரு வயலின். ராக ஆலாபனை மட்டும், பாட்டு கிடையாது. குரல் படிப்படியாக ஏறி மேல் ஸட்ஜம் என்ற உச்ச ஸ்வரத்தில் போய் நிற்கிறது. நிற்கிறது என்றால், வாசல் வரை வந்தவர் உள்ளே வரலாமா என்று நிற்பதைப் போல. பிறகு நிறுத்திவிடுகிறார். அரங்கம் மூச்சுவிடவில்லை. அப்போது, எங்கோ பின்வரிசையில், யாரோ ஒருவர் இருமுகிறார். ஒரே இருமல், இரண்டு துண்டாக, மன்னிப்புக் கேட்பதைப் போல. உடனே குரல் இறங்கி வருகிறது. ஐயோ, அந்த இறக்கம்.

வேறு எந்த சஹானாவிலும் அந்த இருமல் கிடையாது. ஆகவே வேறு எந்த சஹானாவும் எனக்கு முழுமையாகப் படுவதில்லை. இதை வெளியே சொல்ல முடியுமா?

கேசட்டைப் போட்டேன். இவள் வழக்கம்போல எழுந்தாள். "அடுப்புல ஒண்ணு இருக்கு." நான் கேசட்டைப் போட்டால் இவள் அடுப்பில் எப்போதும் ஒன்று இருக்கும். சமையலறைக்குப் போய்விடுவாள். ஆனால் அந்த நேரத்தில் மிக்சியைப் போட மாட்டாள், குழாயைத் திறக்க மாட்டாள். அவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்கிறாள். பிடிக்காததை இப்படிப் பொறுத்துக்கொள்ள ஒரு மனது வேண்டும். எனக்கு அது இல்லை. இவளுடைய தொடர் நாடகம் ஓடும்போது நான் பால்கனிக் கதவைச் சத்தமாகச் சாத்துகிறேன்.

தாளிக்கிற நெடியோ என்னவோ, இன்றும் உள்ளே இருமினாள். ஒரு ஆசை, எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்: ஒரே ஒரு முறையாவது இவள் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கடைசிவரை கேட்க வேண்டும். கூட்டத்தில் பதினைந்து பேர் கேட்டு என்ன?

கேசட் பெட்டி வேறு வேகம் குறைந்துவிட்டது. சஹானாவுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

மகள் வந்தாள். பொதுக்கூடத்தில் கேசட் ஓடாதாம். கைப்பேசியிலிருந்துதான் அந்தப் பெரிய ஒலிபெருக்கிக்குப் போகுமாம். "குடுங்கப்பா, நான் மாத்தித் தரேன்" என்று கேசட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். பையில் அதோடு சாவிக்கொத்தும் ஒரு வாழைப்பழமும் இருந்தன.

விளக்கவுரையை அவளிடம் படித்துக் காட்டினேன். ராகத்தின் அமைப்பு, குரல் செல்லும் பாதை, எந்த இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும், அதற்குமுன் எதை எதிர்பார்க்க வேண்டும், எல்லாம் இருக்கிறது. வரைபடம்கூட உண்டு. காற்றழுத்தக் கோடுகளைப் போல வந்துவிட்டது, ஆனாலும் தெளிவு.

"அப்பா, பாட்டு எவ்வளவு நேரம்?"

"கால் மணி நேரம் இருக்கும்."

"விளக்கம்?"

"அதைவிடக் கொஞ்சம் கூட."

சமையலறையிலிருந்து ஒரு சிரிப்பு. எதற்கு என்று கேட்டேன். "ஒண்ணுமில்லங்க, பால் பொங்கிச்சு" என்றாள். பால் பொங்கினால் யாராவது சிரிப்பார்களா?

மார்ச் 13, வியாழன்

மகள் அனுப்பிவிட்டாள். கூடவே குரல் செய்தி. "அப்பா, சூப்பரா வந்திருக்கு. உஸ்ஸுன்னு இருந்த இரைச்சல், நாற்காலி சத்தம், யாரோ நடுவுல இருமினது, எல்லாத்தையும் எடுத்துட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கு கேளுங்க."

யாரோ நடுவுல இருமினது.

கேட்டேன். குரல் ஏறுகிறது, நிற்கிறது. பிறகு ஒன்றுமே இல்லை. வெட்டவெளி. பிறகு குரல் இறங்குகிறது, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதைப் போல. பெத்த பொண்ணு, ஆசையா செஞ்சு குடுத்திருக்கா. இருமலைத் திருப்பிக் குடுன்னு எப்படிக் கேக்கறது? என்ன மனுஷன்னு நினைப்பா?

"மிக்க நன்றி அம்மா. மிகத் தெளிவாக உள்ளது" என்று பதில் அனுப்பினேன்.

மார்ச் 14, வெள்ளி

தூக்கம் சரியில்லை. நானே அந்த இடத்தில் இருமிவிடலாமா என்று யோசித்தேன். குளியலறையில் ஒத்திகை பார்த்தேன். கோழி மாதிரி வருகிறது.

"என்னங்க, சளியா?" என்றாள் வெளியிலிருந்து.

"இல்ல... ஆமா... இருக்கலாம்."

"எதுன்னு முடிவு பண்ணிட்டு சொல்லுங்க, கஷாயம் வைக்கணும்."

மார்ச் 15, சனி

மகளிடம் கேட்டே விட்டேன். சுற்றி வளைத்து, மூலப் பிரதியின் ஆவண முக்கியத்துவம் என்று தொடங்கி, கடைசியில் இருமலில் முடித்தேன்.

"அப்பா, அது உங்களுக்குப் பிடிக்குமா?"

"பிடிக்கும்னு இல்ல... இருந்தா நல்லது."

"அய்யோ, சுத்தம் பண்ணதை மட்டும்தான் வெச்சிருக்கேன். கேசட்டை மறுபடி ஓட்டலாம்னா, அது மாத்திக் குடுத்த கடையிலேயே இருக்கு, கடைக்காரர் திங்கள்கிழமைதான் திறப்பார்."

நாளை ஞாயிறு.

இவளிடம் மெல்ல, "நாளைக்கு நீ..." என்று தொடங்கினேன். பட்டியலின் நான்காவது அம்சம், இவளுக்குச் சங்கீதம் பிடிக்காது என்பது, நினைவுக்கு வந்தது. "நாளைக்கு நீ கதவைச் சாத்திக்கோ, கீழேருந்து சத்தம் வரும்" என்று முடித்தேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

கூட்டத்துக்குப் போகும் முன்: சட்டையை இரண்டு முறை மாற்றினேன். மேகமூட்டம். இரண்டுக்கும் தொடர்பில்லை.

வந்தபின்:

வரிசையாக எழுத முயல்கிறேன்.

எல்லோரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் முதல் மாடி வங்கி மேலாளர், நாங்கள் எங்களுக்குள் 'தொடைத்தாளம்' என்று சொல்பவர். தாளமே இல்லாத ஆலாபனைக்கும் தொடையில் தாளம் போடுவார். நான் விளக்கவுரையின் முதல் பக்கத்தைப் படித்தேன். அவர், "இது சஹானா ராகமா, த்விஜாவந்தியா?" என்றார். இன்னும் பாட்டே ஆரம்பிக்கவில்லை.

ஆரம்பித்தேன். அரை நிமிடத்தில் நிறுத்தினேன். "இப்போ ஒரு வளைவு வரும், கவனிங்க." மறுபடி போட்டேன். வளைவு வந்தது. நிறுத்தினேன். "வந்தது பாருங்க. அடுத்து காந்தார ஸ்வரத்துல ஒரு அசைவு வரக்கூடும்." போட்டேன். வந்தது. நிறுத்தினேன். தொடைத்தாளத்தின் கை பாதி வழியில் அந்தரத்தில் நின்றது. யாரோ கொட்டாவி விட்டார்கள்.

டாக்டரம்மா எழுந்தார். எனக்குப் பழக்கமான அதே குரலில், அதே கனிவில், "சார், வலிக்காது. இப்போ கொஞ்ச நேரம் வாயை மூடிக்கலாம்" என்றார்.

மூடிக்கொண்டேன். கைப்பேசியை அவரே வாங்கிக்கொண்டார். பாட்டு முதலிலிருந்து ஓடியது. பேச அனுமதியில்லாததால் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. கேட்டேன். இத்தனை வருடம் கேட்ட ஒன்றில் ஒரு சின்ன வயலின் இழை இருக்கிறது, குரலுக்கு அடியில், தயங்கித் தயங்கி. இதுவரை எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் நான் எப்போதும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

குரல் ஏறியது. தொடைத்தாளமே அடங்கிவிட்டார். மேல் ஸட்ஜம். நின்றது. அந்த இடம் வரப் போகிறது, இல்லை, வராமல் போகப் போகிறது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்டவெளி.

பின்னாலிருந்து யாரோ இருமினார்கள்.

ஒரே இருமல். இரண்டு துண்டாக. மன்னிப்புக் கேட்பதைப் போல.

குரல் இறங்கி வந்தது.

தொடைத்தாளம் திரும்பி முறைத்தார். நானும் திரும்பினேன். கடைசி வரிசை, தூண் மறைவு, என்னுடைய இடம். அங்கே இவள். மடியில் என் மூக்குக்கண்ணாடிக் கூடு. நேரே பார்த்துக்கொண்டு, தனக்கும் இருமலுக்கும் சம்பந்தமே இல்லாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

பாட்டு முடிந்தபின் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. கைதட்டினார்கள் என்று நினைக்கிறேன். ஓரிரு இடங்களில்.

மார்ச் 17, திங்கள்

நேற்று கூட்டம் முடிந்து படியேறும்போது பேசியதை மறக்குமுன் எழுதிவிட வேண்டும்.

"எதுக்கு வந்தே?"

"படிக்கிற கண்ணாடியை வெச்சுட்டுப் போயிட்டீங்க."

"போட்டுட்டுத்தானே போனேன்."

"பழைய கண்ணாடி."

ஒரு மாடி ஏறினோம். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்த இருமல்..." என்றேன்.

"பொண்ணு போன் பண்ணி அழாத குறையாச் சொன்னா, அப்பாவோட இருமலை அழிச்சிட்டேன்மான்னு. அந்த எடத்துல இருமல் இல்லாம எப்படிங்க? மொட்டையா இருக்காது? நான்தான் வீட்டுலயும் கூடவே இருமுவேனே, கேட்டதில்லையா?"

"தாளிக்கிற நெடின்னு நினைச்சேன்."

"வெறும் அடுப்புல என்ன நெடி?"

நின்றுவிட்டேன். இவள் ஏறிக்கொண்டே போனாள்.

"அப்ப ஏன் எந்திரிச்சுப் போயிடற?"

"கல்யாணமான புதுசுல உக்காந்து பாத்தேனே. இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாரு, வந்தது பாத்தியான்னு. வந்ததை எங்க கேக்க விட்டீங்க? மழை பெய்யறதுக்குள்ள குடையைக் கையில குடுத்துட்டா எப்படி நனையறது? சமையல்கட்டுல உங்க பேச்சு கேக்காது, பாட்டு மட்டும் கேக்கும். நல்ல எடம்."

"இவ்வளவு வருஷமா சொல்லவே இல்லையே."

"சொல்ல எங்க விட்டீங்க?"

வீட்டுக்குள் போய் விளக்கைப் போட்டாள். நான் நடைபாதையிலேயே சற்று நேரம் நின்றேன். என் கணிப்புகளில் இதுவரை பெரிதாகப் பொய்த்தது ஒரு புயல் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

மகள் கேசட்டைக் கொண்டுவந்தாள். இருமலுடன் மறுபடி மாற்றித் தரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். 'ஒருவேளை', 'கூடும்' எதுவும் சேர்க்காமல்.

மார்ச் 20, வியாழன்

மாலை அந்த சுத்தம் செய்த பதிப்பையே போட்டேன். இவள் எழுந்தாள். உள்ளே போனவள் ஒரு தட்டில் பீன்ஸும் கத்தியும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என் வாயைப் பார்த்தாள்.

பல் பிடுங்கியபோது டாக்டரம்மா கொடுத்த பஞ்சில் மிச்சம் இருந்தது. ஒன்றைச் சுருட்டிக் கடித்துக்கொண்டேன். இவள் சிரித்ததில் ஒரு பீன்ஸ் கீழே விழுந்தது.

வளைவு வந்தது. காந்தாரம் அசைந்தது. வயலின் இழை வந்தது. நான் எதையும் அறிவிக்கவில்லை. மேல் ஸட்ஜத்தில் குரல் நின்றபோது இவள் கத்தியைத் தட்டில் வைத்தாள். தொண்டையைச் சரிசெய்து, உரிய இடத்தில், இரண்டு துண்டாக.

குரல் இறங்கி வந்தது.

மார்ச் 4 அன்று எழுதிய பட்டியலைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது, விளக்கம் பற்றியது, இன்னும் பரிசீலனையில் இருக்கிறது; அது ஓரளவு சரியாகவும் இருக்கக்கூடும்.

நான்காவது தவறு.